எக்ஸிமா உள்ள கைக்குழந்தையின் எடை ஏறாமல் போவது ஏன்? தோல், உணவு, வளர்ச்சி குறித்த விளக்கம்

எக்ஸிமா உள்ள கைக்குழந்தையின் பெற்றோருக்கு முரணான இரண்டு அறிவுரைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றைத் தள்ளிவைக்கச் சொல்கிறது ஒன்று. அதே முட்டையையும் நிலக்கடலையையும் முதல் ஆண்டு நிறைவதற்குள் ஊட்டத் தொடங்கச் சொல்கிறது மற்றொன்று. இரண்டுமே வெவ்வேறு காலங்களில் மருத்துவர்கள் சொன்னவை. இதற்கிடையில் குழந்தையின் எடை ஏறாமல் நின்றுவிட்டால், காரணம் தோல்நோயா, உண்ணும் உணவா, பூசும் மருந்தா என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

மிதமான எக்ஸிமா குழந்தையின் வளர்ச்சியைத் தானாகத் தடுப்பது அரிது. வளர்ச்சி தளரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: தோல் நெடுங்காலம் ஆறாமல் விடப்பட்டிருக்கும், அல்லது தோலை ஆற்றுவதற்கென்று உணவு பறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு. இது எப்படி நிகழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## எக்ஸிமா எங்கே தொடங்குகிறது

கைக்குழந்தைகளில் எக்ஸிமா என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஒவ்வாமைப் போக்குடன் சேர்ந்து வரும் நாள்பட்ட தோலழற்சி. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாத வயதுக்குள் கன்னம், நெற்றி, உச்சந்தலை ஆகிய இடங்களில் சிவந்த தடிப்பாகத் தோன்றி, கை கால்களின் வெளிப்புறங்களுக்குப் பரவும். டயப்பர் மூடும் பகுதி ஈரமாகவே இருப்பதால் அங்கு மட்டும் பொதுவாகத் தோன்றாது. நோயைப் பிரித்தறிய உதவும் இந்தக் குறிப்பு பின்னர் மீண்டும் தேவைப்படும்.

தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்து ஈரத்தைத் தக்கவைக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் எக்ஸிமா வரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகின்றன என்பது 2006இல் தெரியவந்தது. அதுவரை உணவு ஒவ்வாமையின் வெளிப்பாடாகவே பலரால் பார்க்கப்பட்ட எக்ஸிமா, தோலின் தடுப்பரண் பழுதுபடுவதில் தொடங்கும் நோயாகப் பார்க்கப்படலாயிற்று. அரண் பழுதானால் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் கிருமிகளும், தூசியில் கலந்துள்ள உணவுத் துகள்களும் உள்ளே நுழைகின்றன. உணவு ஒவ்வாமை எக்ஸிமாவுக்குக் காரணமாக இருப்பதைவிட, எக்ஸிமா உணவு ஒவ்வாமைக்குக் காரணமாக இருப்பதே மிகுதி என்ற இன்றைய புரிதல் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

## முதல் ஆண்டின் வளர்ச்சிக் கணக்கு

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும். நீளம் சுமார் 50 செ.மீ.இலிருந்து 75 செ.மீ. அளவுக்கு உயரும். பிறந்த முதல் மாதத்தில், உணவின் வழியாகக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடலைக் கட்டுவதற்கே செலவாகிறது. ஓராண்டு நிறைவில் இந்தப் பங்கு சுமார் 3 விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஆகவே பெரியவர்களின் உடல் பொருட்படுத்தாத சிறு பற்றாக்குறைகூட முதல் சில மாதங்களில் நேராக வளர்ச்சியில் தெரிந்துவிடும்.

வளர்ச்சியை மதிப்பிட உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் பயன்படுகின்றன. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து வகுக்கப்பட்டவை அவை. அவற்றில் பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று:

1. வயதுக்கேற்ற எடை. முதலில் தளர்வது இதுதான். ஆயினும் எதனால் குறைந்தது என்பதை இது தனியாகச் சொல்லாது.
2. நீளத்துக்கேற்ற எடை. அண்மைக்கால உணவுக் குறைவைக் காட்டும். இது மிகவும் குறைந்தால் உடல் மெலிவு எனப்படும்.
3. வயதுக்கேற்ற நீளம். பல மாதங்களாக நீடிக்கும் குறைவைக் காட்டும். இது மிகவும் குறைந்தால் வளர்ச்சிக் குன்றல் எனப்படும்.

தலைச்சுற்றளவு கடைசியில்தான் பாதிக்கப்படும். ஒரு நாள் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிறிய உடல்வாகுள்ள குழந்தை கீழ்க்கோட்டை ஒட்டியே சீராக வளர்ந்தால் அது நலமான வளர்ச்சி. ஒரு கோட்டில் வந்துகொண்டிருந்த குழந்தை அடுத்தடுத்த கோடுகளைக் கடந்து கீழிறங்குவதுதான் கவலைக்குரியது.

## வளர்ச்சி தளரும் வழிகள்

எக்ஸிமாவிலிருந்து எடைக்குறைவுக்குச் செல்லும் பாதைகள் பல. அவற்றின் வலிமை ஒன்றல்ல.

1. தோல் வழியாக ஏற்படும் இழப்பு. எடையோடு ஒப்பிடும்போது கைக்குழந்தையின் தோல்பரப்பு பெரியவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பழுதான தோலிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 0.58 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கன்னத்தில் மட்டும் தடிப்புள்ள குழந்தைக்கு இது பெரிய இழப்பன்று. உடல் முழுவதும் சிவந்து நீர் கசியும் குழந்தைக்கோ நிலைமை வேறு: கசியும் நீரோடு புரதமும் உப்புகளும் வெளியேறுகின்றன. கடுமையான எக்ஸிமாவில் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும் சோடியம் என்ற உப்பும் ஆபத்தான அளவுக்குக் குறைந்த கைக்குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அல்புமின் குறைந்தால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரின் எடை, உண்மையான எடை இழப்பை மறைத்துவிடும் என்பதால், வீங்கிய முகத்தோடும் பாதங்களோடும் இருக்கும் குழந்தையின் எடை சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைவது தவறு.

2. அரிப்பு, தூக்கக் குறைவு, பால் குடிப்பதில் தடை. அரிப்பால் அமைதியிழந்த குழந்தை மார்பில் நிலைத்துக் குடிப்பதில்லை. சிறிது குடித்து விட்டுவிடுகிறது. வளர்ச்சி இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாகச் சுரப்பது உண்மைதான். ஆனால் தூக்கக் குறைவை மட்டும் வளர்ச்சிக் குறைவுக்குக் காரணமாகக் காட்டுவது, சான்று செல்லும் தொலைவைத் தாண்டிப் பேசுவதாகும்.

3. தொடர் அழற்சியும் தொற்றும். வெடித்த தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதில் குடியேறுகிறது. நீடித்த அழற்சி பசியைக் குறைத்து, புரதத்தை வளர்ச்சியிலிருந்து வேறு வேலைக்குத் திருப்புகிறது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே இங்கு முடிவு செய்யும் காரணி: பிரித்தானியாவில் 1990களில் எக்ஸிமா உள்ள பிள்ளைகளை அளந்தபோது, உடற்பரப்பில் பாதிக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தவர்களிடம்தான் உயரக் குறைவு தெளிவாகத் தெரிந்தது.

4. மருந்து. பெற்றோர் முதலில் சந்தேகிப்பது, அழற்சியைத் தணிக்கப் பூசும் ஸ்டீராய்டு களிம்பைத்தான். வாய்வழியாகத் தொடர்ந்து கொடுக்கப்படும் ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும் என்பது ஐயத்துக்கிடமற்றது. குழந்தைகளுக்கு வழக்கமாக எழுதித்தரப்படும் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த களிம்பை, சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் பூசுவதை அதனோடு சேர்க்க முடியாது. அஞ்ச வேண்டியது வீரியம் மிக்க களிம்புகளை மருத்துவர் கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் பூசுவதையும், உட்பொருள் அறிவிக்கப்படாத ‘இயற்கை’க் களிம்புகளையும்தான்; பின்னவற்றைச் சோதித்தபோது வலிய ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. களிம்புக்கு அஞ்சித் தோலை ஆறாமல் விடுவது, முதல் மூன்று பாதைகளையும் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம்.

5. உணவை நீக்குதல். கூடுதலாக விளக்கப்பட வேண்டியது இதுவே.

## உணவை நீக்கும்போது உண்மையில் எது நீங்குகிறது

எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 640 கிலோகலோரி தேவை எனக் கொள்வோம். அக்குழந்தை 700 மி.லி. பால் குடித்தால் அதிலிருந்தே 450 கிலோகலோரிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. அந்த வயதில் பாலை நீக்குவது, உணவில் பாதிக்கு மேல் நீக்குவதாகும். ஆற்றல் மட்டுமன்றி, புரதம், கால்சியம், அயோடின், பி2, பி12 வைட்டமின்கள் ஆகியவையும் அதோடு போகின்றன. முட்டையையும் மீனையும் சேர்த்து விலக்கினால் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. பிறக்கும்போது உடலில் சேமித்துவந்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுவதாலும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவாக இருப்பதாலும், இந்த விலக்கல் குழந்தைக்கு இரும்பு மிகவும் தேவைப்படும் வேளையில் வந்து சேர்கிறது.

பாலுக்கு மாற்றாக எதைக் கொடுக்கிறோம் என்பது நீக்குவதைவிடப் பெரிய கேள்வி. 2001இல் ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நாள்பட்ட எக்ஸிமா இருந்ததாலும் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதப்பட்டதாலும், ஒரு குழந்தைக்கு அரிசியிலிருந்து தயாரித்த பானம் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கொடுக்கப்பட்டுவந்தது. இருபத்திரண்டாம் மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அதற்கு இருந்தது குவாஷியோர்கர், அதாவது புரதப் பற்றாக்குறையால் உடல் வீங்கும் கடும் ஊட்டக்குறைவு. அந்தப் பானத்திலிருந்து கிலோ எடைக்கு 72 கிலோகலோரி கிடைத்துவந்தது. புரதமோ கிலோவுக்கு 0.3 கிராம் மட்டுமே. வயிறு நிறைந்திருந்தது, குழந்தை பட்டினி கிடக்கவில்லை, பெற்றோர் அக்கறையற்றவர்களும் அல்லர். உணவுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், அக்கறை மிகுந்ததாலேயே வந்த ஊட்டக்குறைவு அது.

ஆகவே, ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை உறுதிப்பட்டால் மாற்று எது என்பதை இப்படி வகுக்கலாம்:

1. தாய்ப்பால் கிடைக்குமானால் அதுவே முதன்மை.
2. தாய்ப்பால் இல்லையெனில், பால் புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த சிறப்புப் பால்மாவு. அதற்கும் ஒவ்வாமை காட்டும் சிறுபான்மையினருக்கு அமினோ அமிலப் பால்மாவு.
3. ஆட்டுப்பால் மாற்றாகாது, அதன் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை மிகவும் ஒத்திருப்பதால் பெரும்பாலான குழந்தைகள் அதற்கும் ஒவ்வாமை காட்டும்.
4. அரிசி, ஓட்ஸ், பாதாம், தேங்காய் ஆகியவற்றின் பானங்கள் ‘பால்’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும், முதல் ஆண்டில் முதன்மைப் பானமாகக் கொடுக்கத் தக்கவை அல்ல.

## சோதனை காட்டுவது வேறு, ஒவ்வாமை வேறு

தேவையற்ற விலக்கல்கள் பெரும்பாலும் ஒரு சோதனைத் தாளிலிருந்து தொடங்குகின்றன. இரத்தத்திலோ தோல் குத்துச் சோதனையிலோ, ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தால், உடல் அந்த உணவை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். இதற்கு உணர்வேற்றம் என்று பெயர். அந்த உணவை உண்டால் உடல் உண்மையிலேயே எதிர்வினை காட்டுவதுதான் ஒவ்வாமை. பழுதான தோலின் வழியே பல உணவுகள் உள்நுழைவதால், எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் உணர்வேற்றம் மிகப் பரவலாக இருக்கும். அவற்றுள் பலவற்றை அக்குழந்தைகள் எந்தத் தொல்லையுமின்றி உண்டுகொண்டும் இருப்பார்கள். இருபது உணவுகளுக்கு ஒரே நேரத்தில் சோதித்து, ‘நேர்மறை’ என்று வந்த ஏழு உணவுகளை நீக்கச் சொல்வது அறிவியலின் பெயரால் செய்யப்படும் ஊகம்.

அதற்காக உணவு ஒவ்வாமையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஓராண்டுக் குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், எக்ஸிமா இருந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு முட்டை, நிலக்கடலை, எள் ஆகியவற்றுள் ஒன்றுக்கு உண்மையான ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்டது. எக்ஸிமா இல்லாதவர்களில் அது இருபத்தைந்தில் ஒருவர். மூன்று மாதத்துக்குள் தொடங்கிய கடுமையான எக்ஸிமாவில் இடர் இன்னும் மிகுதி. மறுபுறம், உணவு விலக்கலைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, வேறுபாடின்றி எல்லா எக்ஸிமாக் குழந்தைகளுக்கும் பாலையோ முட்டையையோ நீக்குவதால் பயன் இருப்பதாகக் காணவில்லை. முட்டைக்கு எதிர்ப்பொருள் இருந்து, ஒவ்வாமை ஐயமும் இருந்த கைக்குழந்தைகளுக்கு மட்டும் முட்டையை நீக்குவது பயனளிக்கலாம் என்றது.

எனவே முடிவைத் தர வேண்டியது குழந்தையின் வரலாறு. உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் அது உடனடி ஒவ்வாமை. அந்த உணவு நிறுத்தப்பட வேண்டும். தக்காளி, எலுமிச்சை வகைப் பழங்கள் வாயைச் சுற்றிச் சிவப்பை மட்டும் உண்டாக்குவது பெரும்பாலும் தோல் எரிச்சலே. ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றி ஈரம்காக்கும் களிம்பு தடவினால் போதும். முறையான சிகிச்சைக்குப் பின்னும் எக்ஸிமா அடங்காமல், வாந்தி, மலத்தில் இரத்தம், எடைக்குறைவு ஆகியவையும் சேர்ந்தால், ஓர் உணவை இரண்டு முதல் நான்கு வாரங்கள் நீக்கிப் பார்ப்பது நியாயமானது. அந்த உணவை மருத்துவர் சொல்லும் முறையில் மீண்டும் கொடுத்து, நோய் திரும்புகிறதா என்று பார்ப்பது சோதனையின் மறுபாதி. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், மறுபாதியைச் செய்யாவிட்டால் தற்செயலாக வந்த தணிவு உணவின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். குழந்தை ஆண்டுக்கணக்கில் காரணமின்றி ஓர் உணவை இழந்து நிற்கும்.

## அறிவுரை ஏன் தலைகீழானது

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல், ஒவ்வாமை இடர் மிகுந்த குழந்தைகளுக்குப் பாலை ஓராண்டு வரையும், முட்டையை இரண்டாண்டு வரையும், நிலக்கடலையையும் மீனையும் மூன்றாண்டு வரையும் தள்ளிவைக்கச் சொன்னது. சான்று போதாது என்று 2008இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. அதே ஆண்டில் லண்டனைச் சேர்ந்த குழந்தை ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக், பழுதான தோல் வழியாக நுழையும் உணவு ஒவ்வாமையை வளர்க்கிறது, வாய் வழியாகச் செல்லும் உணவு சகிப்புத்தன்மையை வளர்க்கிறது என்ற கருதுகோளை விரிவாக முன்வைத்தார். இதன்படி, எக்ஸிமா உள்ள குழந்தைக்கு ஓர் உணவை ஊட்டாமல் வைத்திருப்பது, தோலின் பாதையைத் திறந்துவைத்து வாயின் பாதையை மட்டும் அடைப்பதாகிவிடுகிறது.

2015இல் வெளியான லீப் ஆய்வு இதைச் சோதித்தது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ இருந்த, நான்கு முதல் பதினொரு மாத வயதுடைய 640 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஐந்து வயதில், நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், உண்டுவந்தவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. நம் கேள்விக்கு இதனினும் நெருக்கமானது அதன் துணை ஆய்வு: நிலக்கடலையை உண்டுவந்த குழந்தைகளின் வளர்ச்சியும் தாய்ப்பால் குடித்த காலமும் குறையவில்லை. 2017இல் அச்சான ஜப்பானிய ஆய்வு இன்னொரு படி முன்னேறியது. எக்ஸிமா உள்ள குழந்தைகளின் தோலை முதலில் தீவிரமாக ஆற்றி, ஆறாம் மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியை மிகச் சிறு அளவில் கொடுத்துவந்தபோது, ஓராண்டு வயதில் 8 விழுக்காட்டினருக்கே முட்டை ஒவ்வாமை காணப்பட்டது. முட்டை கொடுக்கப்படாதவர்களில் அது 38 விழுக்காடு.

இதிலிருந்து, வீட்டில் எவரும் எதையும் ஊட்டிவிடலாம் என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு நிலக்கடலையைத் தொடங்கும் முன் மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டும். முழு நிலக்கடலை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது என்பதால், குழைத்தோ பொடித்தோதான் கொடுக்க வேண்டும்.

## தாயின் உணவு

குழந்தைக்கு எக்ஸிமா என்றதும் பாலூட்டும் தாயின் உணவிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கப்படுகிறது. தாய் உண்ணும் உணவின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் வருவது உண்மை. ஆயினும் அதற்கு எதிர்வினை காட்டும் குழந்தைகள் சிலரே. ஐயம் வலுவாக இருந்தால் தாய்க்கும் அதே விதி: ஓர் உணவு, சில வாரங்கள், பின்னர் மீண்டும் உண்டு பார்த்தல். தாய் பாலை நீக்குவதாக இருந்தால் அவருக்கான கால்சியத்துக்கும் வைட்டமின் டிக்கும் வேறு வழி செய்ய வேண்டும். பல உணவுகளை ஒருங்கே நீக்கிய தாய் மெலிந்து, சோர்ந்து, தாய்ப்பாலையே நிறுத்திவிடுவதுதான் இதில் அஞ்ச வேண்டிய விளைவு.

## எக்ஸிமாவைப் போல் தோன்றுபவை

இதுவரை தோல் நோயிலிருந்து ஊட்டக்குறைவு வரும் திசையைப் பார்த்தோம். எதிர்த்திசையும் உண்டு: ஊட்டக்குறைவோ வேறு நோயோ தோலில் வெளிப்பட்டு, எக்ஸிமா என்று பெயர் பெற்றுவிடும். பின்வருவன இருந்தால் ‘சாதாரண எக்ஸிமா’ என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது:

1. வாயைச் சுற்றியும், டயப்பர் பகுதியிலும், கை கால் நுனிகளிலும் புண்கள் குவிந்து, முடி உதிர்ந்து, வயிற்றுப்போக்கும் இருத்தல். இது துத்தநாகக் குறைவின் அடையாளம். எக்ஸிமா பொதுவாக விட்டுவைக்கும் டயப்பர் பகுதியே இங்கு முதன்மையாகப் பாதிக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும்.
2. எடை ஏறாமையுடன் காது, நுரையீரல், தோல் ஆகியவற்றில் கடும் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருதல். பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள் சில இப்படித்தான் தொடங்குகின்றன.
3. ஆண் குழந்தைக்கு எக்ஸிமாவுடன் சிறு இரத்தப் புள்ளிகளும் எளிதில் இரத்தக் கசிவும் இருத்தல். இது விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோயாக இருக்கலாம்; அதில் இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் குறைவாக இருக்கும்.
4. முகம், பாதங்கள் வீங்குதல், குழந்தை துவண்டிருத்தல், சிறுநீர் குறைதல். இவற்றுக்கு அன்றே மருத்துவமனை தேவை.

## எந்த வரிசையில் செயல்படுவது

எடை தளரும் எக்ஸிமாக் குழந்தைக்கு முதலில் எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றும் அளக்கப்பட்டு, பழைய அளவுகளோடு வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆடை, டயப்பர் ஏதுமின்றி ஒரே எடைக்கருவியில் நிறுப்பதும், நீளத்தைப் படுக்கவைத்து அளப்பதும் முக்கியம். கைக்குழந்தை விஷயத்தில் 200 கிராம் தவறு ஒரு மாத வளர்ச்சியின் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

அடுத்து, உணவில் கைவைப்பதற்கு முன் தோல் முழுமையாக ஆற்றப்பட வேண்டும். நாள்தோறும் தாராளமாக ஈரம்காக்கும் களிம்பு, சிவந்த இடங்களில் மருத்துவர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு களிம்பு, தொற்று இருந்தால் அதற்கான சிகிச்சை. களிம்பின் அளவுக்கு ஒரு கணக்குண்டு: பெரியவரின் சுட்டுவிரல் நுனிமூட்டின் நீளத்துக்குக் குழாயிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும், அது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள் அளவு தோலுக்குப் போதும். ‘களிம்பு வேலை செய்யவில்லை’ என்று உணவுப் பக்கம் திரும்பும் குடும்பங்கள் பலவற்றில், களிம்பு இதில் கால் பங்கே பூசப்பட்டிருக்கும்.

அதன் பின்னும் ஐயம் இருந்தால் மட்டுமே உணவு நீக்கம்; அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று, அதற்கு ஈடான மாற்று உணவு முடிவான பிறகு, மீண்டும் கொடுத்துப் பார்க்கும் நாளையும் குறித்துக்கொண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முதன்மை உணவுகளை நீக்க நேர்ந்தால் ஊட்டச்சத்து வல்லுநரின் துணை இன்றியமையாதது. பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுவதால், உறுதிப்பட்ட ஒவ்வாமைக்கான விலக்கலையும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் இருந்து, பல மாதங்கள் தவிர்க்கப்பட்ட உணவை வீட்டில் தாமாகத் தொடங்குவது ஆபத்தானது: முன்பு தொல்லையின்றி உண்ட குழந்தைகூட, நீண்ட இடைவெளிக்குப் பின் அதே உணவுக்குக் கடும் உடனடி எதிர்வினை காட்டக்கூடும் என்பதால், முதல் வேளை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் கொடுக்கப்பட வேண்டும்.